பிரைட்டன் பீச்சா, ரீகோ பார்க்கா? நியூயார்க்கில் ஒரு நாள் ரஷ்யக் கடைத்தெருவுக்கு

ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு நியூயார்க்கைச் சுற்றிக் காட்டுவதில் முதல் மூன்று நாள் எந்தக் குழப்பமும் இருக்காது. சுதந்திர தேவி சிலை, டைம்ஸ் ஸ்கொயர், எம்பயர் ஸ்டேட், புரூக்ளின் பாலம் என்று ஓடிவிடும். நாலாம் நாள்தான் யோசனை வரும். வந்திருப்பவர் ஐம்பது வயதைத் தாண்டியவராகவும் கொஞ்சம் புத்தகம் படிக்கிறவராகவும் இருந்தால், பெரும்பாலும் இதைத்தான் கேட்பார்: "இங்கே ரஷ்யக்காரங்க இருக்கிற ஏரியா ஒன்னு இருக்காமே, போலாமா?"

ஏன் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் தமிழிலேயே அச்சடித்து அனுப்ப, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் ஊர் ஊராகக் கொண்டுபோய் மலிவு விலையில் விற்ற புத்தகங்களோடு வளர்ந்தவர்கள் அவர்கள். சமோவார், கறுப்பு ரொட்டி, பீட்ரூட் சூப் எல்லாம் அவர்களுக்கு எட்டு வயதிலேயே தெரிந்த சொற்கள். பொருளைக் கண்ணால் பார்த்ததில்லை, அவ்வளவுதான். எனக்கும் அப்படித்தான். நியூஜெர்சிக்கு வந்த பிறகு இந்த ரஷ்யக் கடைத்தெருக்களுக்கு நான் போகத் தொடங்கியதற்குக் காரணமே அதுதான்.

ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறதென்றால் எங்கே போவது? நியூயார்க்கில் இதற்கு உருப்படியான வழி இரண்டு. ஒன்று, புரூக்ளினின் தென்கோடியில் கடலோரமாக இருக்கும் பிரைட்டன் பீச். இன்னொன்று, குயின்ஸில் ரீகோ பார்க்கும் பாரஸ்ட் ஹில்ஸும் சேரும் 108-ஆம் தெருப் பகுதி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல்முறை போகிறவர்கள் பிரைட்டன் பீச்சுக்குப் போங்கள், வார நாளில், காலையில், ரயிலில். குடும்பத்தோடு உட்கார்ந்து ஒரு வேளை வயிறாரச் சாப்பிடுவதுதான் நோக்கமென்றால் ரீகோ பார்க். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தூரமோ விலையோ அல்ல. இரண்டு இடத்தின் ஆட்களும் வேறு, சமையலும் வேறு. அதைப் புரிந்துகொண்டால் உங்களுக்கு எது சரிப்படும் என்று நீங்களே முடிவு செய்துவிடலாம்.

"ரஷ்யர்" என்ற சொல்

இங்கே "ரஷ்யர்" என்பது நாட்டைக் குறிக்கும் சொல்லல்ல, பேசும் மொழியைக் குறிப்பது. பிரைட்டன் பீச்சில் 1970-களில் குடியேறியவர்கள் பெரும்பாலும் சோவியத் யூதர்கள். அவர்களிலும் ஏராளமானவர்கள் உக்ரைனின் துறைமுக நகரமான ஒடெஸாவிலிருந்து வந்தவர்கள். மக்கள் வெளியேறுவதைத் தடுக்கும் நாடுகளுக்கு வணிகச் சலுகை கிடையாது என்று சொல்லும் அமெரிக்காவின் ஜாக்சன்-வானிக் சட்டத்திருத்தம் 1975 ஜனவரியில் கையெழுத்தானது. ஏற்கெனவே கொஞ்சம் திறந்திருந்த கதவுக்கு அது ஒரு அழுத்தம் கொடுத்தது. அப்போது நியூயார்க் நகரமே பணமில்லாமல் தத்தளித்துக்கொண்டிருந்தது. புரூக்ளினின் இந்த ஓரத்தில் அடுக்குமாடி வீடுகள் காலியாகக் கிடந்தன, வாடகையும் மலிவு. வாசலைத் தாண்டினால் கடல். கருங்கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு வேறென்ன வேண்டும்? "குட்டி ஒடெஸா" என்ற பெயர் அப்படி வந்து ஒட்டிக்கொண்டது.

ரீகோ பார்க்கில் இருப்பவர்களும் யூதர்கள்தான், சோவியத் ஒன்றியத்திலிருந்து வந்தவர்கள்தான், ரஷ்ய மொழியும் பேசுவார்கள். ஆனால் அவர்களுடைய ஊர்கள் சமர்கண்ட், தாஷ்கண்ட், புகாரா, துஷான்பே. புகாரி யூதர்கள் என்று பெயர். நம்மூர் முஸ்லிம் குடும்பங்களில் புகாரி என்று பெயர் வைக்கிறார்களே, அதுவும் இதே புகாரா நகரத்தின் பெயரிலிருந்து வந்ததுதான். இவர்களுடைய வீட்டுமொழி பாரசீகக் குடும்பத்தைச் சேர்ந்தது. 1980-களின் கடைசியிலும், 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகும் ஆயிரக்கணக்கில் வந்து குயின்ஸில் குடியேறினார்கள். 108-ஆம் தெருவுக்கு "புகாரிகளின் பிராட்வே" என்றே பட்டப்பெயர் உண்டு.

ஆக, பிரைட்டன் பீச்சில் நீங்கள் பார்க்கப்போவது கருங்கடல் பக்கத்து வாழ்க்கை. கோதுமை மாவு, பீட்ரூட், மீன், புளித்த பால், ஊறுகாய். ரீகோ பார்க்கில் மத்திய ஆசியா. தந்தூர் அடுப்பு, அரிசி, சீரகம், ஆட்டிறைச்சி, பச்சைத் தேநீர். புத்தகத்தில் படித்த ரஷ்யாவைத் தேடுகிறவர் ரீகோ பார்க்குக்குப் போனால் ஏமாந்துபோவார். சாப்பாட்டுக்காகப் போகிற பத்துப் பேர் கொண்ட குடும்பம் பிரைட்டன் பீச்சில் கடை கடையாக அலைந்து களைத்துப்போகும்.

பிரைட்டன் பீச்: கடைகளுக்காகப் போக வேண்டிய இடம்

போவது சுலபம். நியூஜெர்சியில் எடிசன் பக்கமிருந்து வருகிறவர்கள் பென் ஸ்டேஷனில் இறங்கி, பக்கத்திலிருக்கும் ஹெரால்ட் ஸ்கொயருக்கு நடந்து, 'க்யூ' ரயிலைப் பிடிக்கலாம். வார நாளில் 'பி' ரயிலும் போகும், சனி ஞாயிறு அது ஓடாது. ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். ரயில் மன்ஹாட்டன் பாலத்தின் மேல் ஊர்ந்துபோகும்போது வலது பக்க ஜன்னலில் புரூக்ளின் பாலம் முழுசாகத் தெரியும். காரில் போகாதீர்கள். வெயில் காலத்தில் அங்கே வண்டி நிறுத்த இடம் தேடுவதிலேயே பாதி நாள் போய்விடும்.

ரயில் மேல்பாலத்தில் நிற்கும். படியிறங்கினால் நேராகக் கடைத்தெரு. தலைக்கு மேல் இரும்புத் தண்டவாளம், அதன் நிழலில் இருபுறமும் கடைகள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மேலே ரயில் இரையும்போது பேசிக்கொண்டிருப்பவர்கள் அப்படியே நிறுத்திவிட்டு, அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். பெயர்ப் பலகைகளில் ரஷ்ய எழுத்து. 'ஆப்தேகா' என்றால் மருந்துக் கடை, 'ஹ்லேப்' என்றால் ரொட்டி, 'ப்ரதூக்தி' என்றால் மளிகை. 'பெக்டோபா' என்று ஆங்கில எழுத்துப்போலத் தெரிகிற பலகையை ரஷ்ய எழுத்தாகப் படித்தால் 'ரெஸ்தரான்'. இந்த நாலு சொல் தெரிந்தால் தெருவே படிக்கக் கிடைத்துவிடும்.

பிரைட்டன் பீச்சின் உயிர் மளிகைக் கடைகளில்தான் இருக்கிறது, உணவகங்களில் இல்லை. இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். தாஷ்கண்ட் சூப்பர்மார்க்கெட்டில் ஒரு பக்கம் முழுக்கச் சுடச்சுடத் தட்டுகள். நாமே எடுத்துப் போட்டுக்கொண்டு எடை போட்டுக் காசு கொடுக்க வேண்டும். ஒரு பழைய திரையரங்கக் கட்டடத்தில் கூர்மனோஃப் என்ற பெரிய கடை. இவை தவிர நடைபாதையில் மேசை போட்டு, கைக்குட்டையைத் தலையில் கட்டிய பாட்டிமார் விற்கும் பிரஷ்கி, அதாவது உள்ளே பூரணம் வைத்த பன். உருளைக்கிழங்கு வைத்தது, முட்டைக்கோஸ் வைத்தது, புளிப்புச் செர்ரி வைத்தது என்று கேட்டு வாங்கலாம். 'பில்யாஷ்' என்றால் உள்ளே இறைச்சி இருக்கும், கவனம். ஒன்றுக்கு இரண்டு மூன்று டாலர் ஆகும். கையில் சில்லறை நோட்டு இருக்கட்டும்.

போன செப்டம்பரில் சித்தப்பாவை அழைத்துப் போயிருந்தேன். திருநெல்வேலியில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ரொட்டி அலமாரி முன்னால் நின்று, கறுப்பாகச் செங்கல் மாதிரி இருந்த ஒன்றைக் கையில் எடுத்தார். பரதீன்ஸ்கி என்று பெயர், ரை என்னும் தானிய மாவில் செய்வது. மேலே சின்னச் சின்னதாக உருண்டை விதைகள் ஒட்டியிருந்தன. காகித உறை வழியாகவே முகர்ந்து பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"டேய் தம்பி, இது நம்ம மல்லிடா."

"ஆமா சித்தப்பா, கொத்தமல்லி விதைதான்."

"நாற்பது வருஷமா கறுப்பு ரொட்டி, கறுப்பு ரொட்டின்னு படிச்சேன். மல்லி வாசனை அடிக்கும்னு ஒருத்தனும் எழுதலியே."

அந்த ரொட்டியைத் துண்டு போட வைத்து, கூடவே கொஞ்சம் வெண்ணெயும் வாங்கிக்கொண்டு கடற்கரைக்குப் போனோம். லேசான புளிப்பும் வெல்லப்பாகு மாதிரி ஒரு இனிப்பும் சேர்ந்து, மெல்ல மெல்ல மல்லியின் காரம் வரும். அவர் நாலு துண்டு சாப்பிட்டார். ரீகோ பார்க்கில் எத்தனை நல்ல கபாப் கிடைத்தாலும் இந்த ஒரு காரியம் அங்கே நடந்திருக்காது. புத்தக நினைவோடு வருகிறவர்களைப் பிரைட்டன் பீச்சுக்கே அழைத்துப் போகச் சொல்வது இதனால்தான்.

இன்னும் நம் நாக்குக்குப் பழகிய சங்கதிகள் அங்கே நிறைய. கத்தரிக்காய் 'இக்ரா' என்று கண்ணாடிப் பாட்டிலில் விற்பார்கள். சுட்ட கத்தரிக்காய், தக்காளி, வெங்காயம் போட்டு மசித்தது. கொத்சுக்குத் தூரத்து உறவு, காரம் மட்டும் இல்லை. 'இக்ரா' என்றாலே மீன் முட்டை என்றுதான் பொருள். சிவப்பு இக்ரா சால்மன் மீனுடையது, கொஞ்சமாக வாங்கிச் சுவைக்கலாம். 'வோப்லா' என்று தலையோடு காய்ந்து தொங்கும் மீன், அப்படியே கருவாடு. அவர்கள் அதைக் கையால் உரித்து பியருடன் சாப்பிடுவார்கள். 'கெஃபீர்' நம் மோர் மாதிரி. 'ரியாஷெங்கா' என்பதைத் தவறவிடாதீர்கள். பாலை மணிக்கணக்கில் சூட்டிலேயே வைத்து, பழுப்பு நிறம் வந்த பிறகு புளிக்க வைப்பது. பால்கோவா அடியில் ஒட்டியிருக்கும் அந்தப் பொன்னிறச் சுவை தயிரில் வந்தால் எப்படியிருக்கும், அது. சாக்லேட் தடவிய பன்னீர்க் கட்டி, 'சிரோக்', குழந்தைகளுக்கு நிச்சயம் பிடிக்கும். 'க்வாஸ்' குளிரக் குளிரக் குடிக்க வேண்டும். ரொட்டியைப் புளிக்கவைத்துச் செய்வதால் மிகக் கொஞ்சம் ஆல்கஹால் இருக்கும், வேண்டாதவர்கள் தவிர்த்துவிடுங்கள்.

தேயிலை அலமாரியில் யானைப் படம் போட்ட மஞ்சள் பெட்டி கண்ணில் பட்டால் ஒரு நிமிடம் நில்லுங்கள். சோவியத் காலத்தில் "யானைத் தேயிலை" என்றால் இந்தியத் தேயிலை. அது கிடைத்தால் வீட்டுக்கு விருந்தாளி வரும்வரை எடுத்து வைப்பார்கள். அந்தக் காலத்து ஆள் யாராவது பக்கத்தில் நின்றால் அந்தப் பெட்டியைக் காட்டி "இந்தியா" என்று சொன்னால் போதும், முகம் மலர்ந்துவிடும். அடுத்த வார்த்தை ராஜ் கபூராகத்தான் இருக்கும்.

கேரட் சாலட் ஒன்று எல்லாக் கடையிலும் மலைபோலக் குவிந்திருக்கும். மெல்லிய நூலாகச் சீவிய கேரட், பூண்டு, மல்லித்தூள், மிளகாய், வினிகர். 'மர்கோவ்சா' என்று பெயர். இதற்குப் பின்னால் பெரிய துயரம் இருக்கிறது. 1937-இல் ஸ்டாலின் அரசு சோவியத் தூரகிழக்கில் வாழ்ந்த சுமார் 1,70,000 கொரியர்களை ரயில்களில் ஏற்றி உஸ்பெகிஸ்தானுக்கும் கஜகஸ்தானுக்கும் கொண்டுபோய் இறக்கியது. போன இடத்தில் கிம்ச்சிக்கு வேண்டிய கோஸ் கிடைக்கவில்லை, கேரட்தான் கிடைத்தது. அதை வைத்துச் சமாளித்தார்கள். கொரியாவில் இருப்பவர்களுக்கே தெரியாத இந்தக் கொரிய சாலட், அவர்களோடு சோவியத் நாடு முழுக்கப் பரவி, இன்று புரூக்ளினில் எடைக்குக் கிடைக்கிறது. நாடுவிட்டு நாடு துரத்தப்பட்ட தமிழர்களின் கதை தெரிந்தவர்களுக்கு இந்தக் கேரட்டை வெறும் கேரட்டாகப் பார்க்க முடியாது. வாங்குங்கள், சைவம்தான், விலையும் குறைவு.

வாங்கியதை எங்கே வைத்துச் சாப்பிடுவது? இரண்டு தெரு நடந்தால் கடல். 1923-இல் திறந்த மரப்பலகை நடைபாதை கோனி ஐலண்ட் வரை நீண்டுகிடக்கிறது. பெஞ்சுகளில் முதியவர்கள் வெயில் காய்ந்துகொண்டு, செஸ் ஆடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்திலேயே உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரியுங்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். நடைபாதையை ஒட்டித் தத்தியானா போன்ற உணவகங்கள் கடலைப் பார்த்தபடி இருக்கின்றன. இடத்துக்கும் காற்றுக்கும் சேர்த்து விலை வைத்திருப்பார்கள். ஒரு தேநீர், ஒரு சூப்புக்கு உட்காரலாம். இரவில் ஆட்டம் பாட்டத்தோடு நடக்கும் பெரிய விருந்துக் கூடங்கள் பிறந்தநாள், கல்யாண நாள் கொண்டாடும் கூட்டத்துக்கானவை. முதல்முறை வருகிறவர்களுக்கு, அதுவும் குழந்தைகளோடு, அது தேவையே இல்லை.

ஒரு சங்கடத்தையும் சொல்ல வேண்டும். 2022-இல் உக்ரைன் மேல் ரஷ்யா படையெடுத்த பிறகு இந்தத் தெருவின் முகம் கொஞ்சம் மாறியிருக்கிறது. 'ரஷ்யாவின் சுவை' என்று பெயர் வைத்திருந்த ஒரு கடை பலகையையே மாற்றிக்கொண்டது. இங்கிருப்பவர்களில் பாதிப்பேருக்கு உறவுகள் ஒடெஸாவிலும் கார்கிவிலும். யாரையும் பார்த்து "நீங்கள் ரஷ்யரா" என்று ஆரம்பிக்காதீர்கள். எந்த ஊர் என்று கேளுங்கள். நம்மிடம் ஒருவர் ஊர் கேட்டால் நமக்குச் சந்தோஷமாகத்தானே இருக்கிறது, அவர்களுக்கும் அப்படியே.

ரீகோ பார்க்: பந்தியில் உட்கார வேண்டிய இடம்

1920-களில் இங்கே வீடு கட்டி விற்ற 'ரியல் குட்' கட்டுமான நிறுவனத்தின் பெயரைச் சுருக்கியதுதான் ரீகோ. தூரம் குறைவு. மன்ஹாட்டனிலிருந்து 'ஈ' அல்லது 'எஃப்' ரயிலில் பாரஸ்ட் ஹில்ஸ் 71-ஆம் அவென்யூ போய் இறங்கினால் அரை மணி நேரம்தான். ரீகோ பார்க்கிலேயே இறங்க 'ஆர்' ரயில், கொஞ்சம் மெதுவாகப் போகும்.

தெருவைப் பார்த்தால் முதலில் ஒன்றும் தோன்றாது. கடல் இல்லை, நடைபாதைக் கடைகள் இல்லை. சாதாரண செங்கல் அடுக்குமாடிகள், முடிதிருத்தும் கடைகள், மருந்துக் கடைகள். விசேஷம் எல்லாம் கதவுக்கு உள்ளேதான்.

ஏதாவது ஒரு ரொட்டிக் கடைக்குள் எட்டிப் பாருங்கள். மண் அடுப்பின் உட்சுவரில் மாவை அறைந்து ஒட்டுவார்கள். நம் தந்தூர்தான். ரொட்டியின் பெயர் 'நோன்'. 'நான்' என்று நாம் சொல்வதும் இதுவும் ஒரே பாரசீகச் சொல். ஆனால் இது தட்டையாக இருக்காது. ஓரம் தலையணை மாதிரி உப்பியிருக்கும், நடுப்பகுதி மட்டும் அழுந்தியிருக்கும். அடுப்பில் ஒட்டுவதற்கு முன்னால் ஊசிகள் பதித்த ஒரு மரமுத்திரையால் நடுவில் குத்துவார்கள், பூப்போல ஒரு கோலம் விழும். அழகுக்காக மட்டுமல்ல, அந்தத் துளைகளால்தான் நடுப்பகுதி உப்பாமல் மொறுமொறுப்பாக வருகிறது. சூடாக வாங்கி, கத்தி போடாமல் கையால் பிய்த்துச் சாப்பிட வேண்டும். இன்னொரு வகை 'நோனி தோக்கி'. கவிழ்த்த வாணலி போன்ற குவிந்த பரப்பில் சுடுவதால் கிண்ணம் மாதிரி வளைந்து, அப்பளம் போல உடையும்.

மேசைக்கு வரும் பதார்த்தங்களின் பெயர்களைக் கேட்டாலே நம் வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிடுவது போல இருக்கும். 'சம்சா' நம் சமோசா, ஆனால் எண்ணெயில் பொரிக்காமல் அடுப்பில் சுட்டது. 'ப்ளோவ்' நம் புலாவ். மஞ்சள் கேரட், கொண்டைக்கடலை, முழுப் பூண்டு, இறைச்சி சேர்த்துப் பெரிய இரும்புக் கொப்பரையில் வேகவைப்பது. அதில் போடும் சீரகத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஸிரா'. யூதர்களுக்கே உரிய 'பக்‌ஷ்' என்ற ஒன்றும் உண்டு. கொத்தமல்லித் தழையை அரிசிக்குச் சமமாக அள்ளிப்போட்டுப் பச்சைப் பசேலென்று செய்வது. பார்ப்பதற்கு அசல் கொத்தமல்லி சாதம், ஆனால் ஈரலும் இறைச்சியும் கலந்திருக்கும். 'லக்மான்' கையால் இழுத்த நூடுல்ஸ் சூப். கம்பியில் சுட்ட 'ஷஷ்லிக்' கோழி, ஆடு, ஈரல் என்று வகைவகையாக வரும். பச்சை வெங்காயம் தூவிய தட்டில், பூண்டு போட்டுப் புரட்டிய உருளை வறுவலோடு சேர்த்துச் சாப்பிட்டால், அசைவம் சாப்பிடுகிறவர்கள் திரும்பத் திரும்ப இங்கேதான் வரவேண்டும் என்பார்கள். ஷஷ்லிக்கை ஒவ்வொரு கம்பியாகச் சொல்லி வாங்கலாம் என்பதால் பெரிய கூட்டத்துக்குச் செலவும் கட்டுக்குள் நிற்கும்.

குடிக்கப் பச்சைத் தேநீர், பிடியில்லாத சின்னக் கிண்ணத்தில். 'பியாலா' என்பார்கள். முதல் கிண்ணத்தை ஊற்றித் திரும்பவும் கெண்டியிலேயே கொட்டுவார்கள், சில வீடுகளில் மூன்று முறை. டிகிரி காபியை ஆற்றுகிற மாதிரி, சாயம் சீராக இறங்கத்தான் இது.

ரீகோ பார்க்குக்குக் கிளம்புமுன் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான சங்கதி நாள். இங்கே உணவகங்கள் பெரும்பாலும் யூத உணவு விதிகளின்படி நடப்பவை. வெள்ளிக்கிழமை மாலை மூடினால் சனிக்கிழமை இருட்டிய பிறகுதான் திறப்பார்கள், சில இடங்கள் ஞாயிறுதான். இது தெரியாமல் ஒரு சனிக்கிழமை மத்தியானம் இரண்டு குடும்பத்தை அழைத்துக்கொண்டு போய், தெரு முழுக்க அடைத்த கதவுகளைப் பார்த்து, பசித்த குழந்தைகளோடு திரும்பிய அனுபவம் எனக்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை பகல்தான் சரியான நேரம். அப்போது மூன்று தலைமுறை சேர்ந்து ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கும் குடும்பங்களைப் பார்க்கலாம். பாட்டி ஊற்றுவார், பேரன் கிண்ணத்தை நீட்டுவான்.

சாப்பாட்டுக் கட்டுப்பாடு உள்ளவர்களுக்கு

நம் வீட்டுக் கூட்டத்தில் இடத்தை முடிவு செய்வது பெரும்பாலும் இந்தக் கணக்குதான், அதனால் தனியாகச் சொல்கிறேன்.

சுத்த சைவம் என்றால் யோசிக்கவே வேண்டாம், பிரைட்டன் பீச். உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், செர்ரி வைத்த 'வரேனிகி' கொழுக்கட்டைகள், பன்னீர் வைத்த இனிப்பு ரொட்டிகள், பீட்ரூட் சாலட் 'வினெக்ரெத்', கத்தரி இக்ரா, கேரட் சாலட், ஊறுகாய்கள், ரொட்டி என்று பட்டியல் நீளும். இரண்டு இடத்தில் ஏமாறுவோம். ஒன்று, போர்ஷ் என்னும் பீட்ரூட் சூப். இறைச்சித் துண்டு கண்ணில் படாவிட்டாலும் பெரும்பாலும் எலும்புச் சாற்றில்தான் கொதிக்க வைத்திருப்பார்கள். இன்னொன்று ஒலிவியே என்ற உருளைக்கிழங்கு சாலட், சின்னச் சின்னதாக இறைச்சி நறுக்கிப் போட்டிருப்பார்கள். "ப்யெஸ் மியாஸா" என்றால் இறைச்சி இல்லாமல் என்று பொருள். "போஸ்த்னி" என்று கேட்டால் இன்னும் உறுதி. கிறிஸ்தவ நோன்பு நாட்களில் இறைச்சி, பால், முட்டை இல்லாமல் செய்வதற்கு அந்தப் பெயர். ரீகோ பார்க்கில் சைவர்களுக்குப் பூசணிக்காய் சம்சா, காளான் அல்லது உருளை வைத்தவை, சாலட், ரொட்டி, அவ்வளவுதான் கிடைக்கும். பசி அடங்கும், ஆனால் பக்கத்துத் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட வேண்டியிருக்கும்.

பன்றி வேண்டாம் என்பவர்களுக்கு ரீகோ பார்க் நிம்மதி, அங்கே அந்தப் பேச்சே இல்லை. பிரைட்டன் பீச்சில் தொங்கும் சாசேஜ்களில் பாதி பன்றிதான், கேட்டுத்தான் வாங்க வேண்டும். மாட்டிறைச்சி வேண்டாம் என்பவர்கள் இரண்டு இடத்திலும் கவனமாக இருக்க வேண்டும். ப்ளோவில் மாடு போடுவதும் சகஜம். கோழி ஷஷ்லிக் என்று தெளிவாகச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். ஹலால் வேண்டுமென்றால் பிரைட்டன் பீச்சில் தாஷ்கண்ட் சூப்பர்மார்க்கெட்டும் மேற்குச் சீனாவின் உய்குர் முஸ்லிம்களுடைய சமையல் செய்யும் கஷ்கர் கஃபேயும் இருக்கின்றன. ரீகோ பார்க் வரை போகாமல் இங்கேயே நல்ல லக்மான் வேண்டுமென்பவர்களுக்கும் கஷ்கர் போதும்.

நேரம் இல்லாதவர்களுக்கும் தூரத்தில் இருப்பவர்களுக்கும்

ஒரு மணி நேரம்தான் இருக்கிறதென்றால், தாஷ்கண்ட் சூப்பர்மார்க்கெட் மன்ஹாட்டனில் கிரீன்விச் வில்லேஜ் பக்கமும் கிளை திறந்திருக்கிறது. சம்சாவும் ப்ளோவும் அங்கேயே வாங்கிச் சாப்பிடலாம். சுவைக்குக் குறையில்லை. ஆனால் அது ஒரு கடை, ஒரு பேட்டை அல்ல. பாட்டியும் கிடையாது, கடலும் கிடையாது.

பிலடெல்பியா பக்கம் இருப்பவர்கள் நியூயார்க் வரை வரத் தேவையில்லை. நகரின் வடகிழக்கே பஸ்டில்டன் அவென்யூவில் ரஷ்ய மொழிக் கடைகள் பரவிக்கிடக்கின்றன, பெல்ஸ் மார்க்கெட் அங்கே பேர் பெற்றது. கார் இல்லாமல் சுற்ற முடியாது, ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் நடுவே பெரிய சாலை. மாதச் சாமானுக்குப் போகலாம். ஊரிலிருந்து வந்தவருக்குக் காட்ட அது போதாது.

இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. முயற்சி செய்தேன், நன்றாக வரவில்லை. புரூக்ளினின் கோடியிலிருந்து குயின்ஸுக்கு மன்ஹாட்டனைச் சுற்றிக்கொண்டு ஒன்றரை மணி நேர ரயில். போய்ச் சேரும்போது காலையில் வாங்கிச் சாப்பிட்ட பிரஷ்கி வயிற்றில் கல்லாகக் கிடக்கும். ஷஷ்லிக்கைப் பார்க்கவே மனம் வராது.

எப்போது போவது? பிரைட்டன் பீச்சுக்கு மே அல்லது செப்டம்பர். ஜூலை, ஆகஸ்டில் கடற்கரைக் கூட்டம் கடைக்குள்ளும் வந்துவிடும், நிதானமாக ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்க முடியாது. ஜனவரியிலும் போயிருக்கிறேன். கடற்காற்று காதைப் பிய்க்கும், ஆனால் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஆவி பறக்கும் போர்ஷில் ஒரு கரண்டி புளிப்புப் பாலாடையைக் கலக்கும்போது அந்தக் குளிருக்கும் ஒரு அர்த்தம் வந்துவிடும். முதியவர்களை மட்டும் அந்த மாதங்களில் அழைத்துப் போகாதீர்கள். ரீகோ பார்க்குக்கு எந்த மாதமும் சரி, எந்த நாள் என்பதுதான் முக்கியம்.

கையில் ஒரு துணிப்பை, காலி வயிறு, பத்து மணிக்கு ரயில். பதினொன்றுக்கு ரொட்டி அலமாரி முன்னால் நிற்கலாம். சித்தப்பா ஊருக்குத் திரும்பும்போது பெட்டியில் இரண்டு கறுப்பு ரொட்டி எடுத்துப் போனார். திருநெல்வேலிக்குப் போய்ச் சேர்ந்ததும் போன் செய்தார். ரொட்டி கெடவில்லையாம். பழைய ரஷ்யப் புத்தகங்கள் அடுக்கியிருந்த அலமாரியை அன்றைக்குச் சாயங்காலமே திறந்து, சித்தியை உட்காரவைத்து, ரொட்டி வருகிற பக்கத்தைத் தேடி எடுத்து வாசித்துக் காட்டினாராம். "அவ ஒரு வாய் சாப்பிட்டுட்டு, இதுக்குத் தொட்டுக்க மோர்மிளகா நல்லாயிருக்கும்கறாடா," என்றார்.